சப்ளையர் வேறு, மாஸ்டர் வேறு: இஎஸ்-டிஇ-யில் எமுலேட்டர் சேர்க்கும் வழி

உசிலம்பட்டியிலிருந்து மச்சான் போன் செய்தான். இரவு பத்தரை மணி.

"மாப்ள, நீ சொன்ன இஎஸ்-டிஇ சாஃப்ட்வேரை ஏத்திட்டேன். கேம் பேரு வரிசையா அழகாத் தெரியுது. அமுக்குனா எமுலேட்டரைக் காணோம்னு ஒரு வரி காட்டிட்டு சும்மா நிக்குது."

"ரெட்ரோஆர்ச் போட்டியா?"

"அது எதுக்கு? அதான் இதுலயே எல்லாம் இருக்கே!"

இந்த ஒரு குழப்பத்தில்தான் புதிதாக வருகிற பாதிப்பேர் சிக்குகிறார்கள். அதை முதலில் தீர்த்துவிட்டால் மீதி வேலை ஒரு சாயங்காலத்தில் முடியும்.

இரவு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்து என்ன இருக்கிறது என்று ஒப்பிப்பவர் சப்ளையர். கல்லுக்கு முன்னால் நின்று வியர்க்க வியர்க்கப் போடுபவர் மாஸ்டர். மாவு தனியாக உருட்டி வைத்திருக்கிறது. சப்ளையருக்குப் பரோட்டா போடத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இஎஸ்-டிஇ, லான்ச்பாக்ஸ் போன்ற ஃபிரண்ட் எண்ட் புரோகிராம்கள் சப்ளையர்கள். படத்தோடு பட்டியல் காட்டும், நீங்கள் தேர்ந்தெடுத்ததை உள்ளே சொல்லும், அவ்வளவுதான். பழைய கன்சோலை, அதாவது கேம் மெஷினை, போல நடித்து கேமை ஓட்டுவது எமுலேட்டர் என்ற மாஸ்டர். நான் போனில் கேட்ட ரெட்ரோஆர்ச் இந்த அடுப்பு பக்கத்து ஆள். ரோம் என்று சொல்கிற கேம் கோப்புதான் மாவு. மச்சான் சப்ளையரை மட்டும் வேலைக்கு வைத்துவிட்டுக் கடையைத் திறந்துவிட்டான்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒழுங்கைத்தான் பின்பற்றும். ஒரு கன்சோலை எடுங்கள். எமுலேட்டரில் நேரடியாக ஒரு கேம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மட்டும் ஃபிரண்ட் எண்டுக்குக் கொண்டுபோங்கள். அது முடிந்த பிறகுதான் அடுத்த கன்சோல். இருபது கன்சோலை ஒரே நாளில் சேர்க்கப் போனவர்கள் எது கெட்டது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி அழித்தவன்தான்.

என்ன கம்ப்யூட்டர் வேண்டும்

நான் செல்லூரில் அக்கா வீட்டு டிவிக்குப் பின்னால் வைத்தது, ஆபீஸில் கழித்துவிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. இதுவே அதிகம். நம்மூரில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகள் நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அந்த மெஷினின் வேலை செய்யும் நினைவகமே 2 கேபி. நாம் விழுந்து விழுந்து விளையாடிய முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கேபி. வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பதிப்பு), சூப்பர் நின்டெண்டோ, சேகா மெகா டிரைவ், கேம்பாய் வகைகள், முதல் பிளேஸ்டேஷன் வரை இந்த மாதிரி கம்ப்யூட்டரில் கவலையே இல்லை. சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி பெரும்பாலும் ஓடும். பிளேஸ்டேஷன் 2 வேண்டும் என்றால் அதற்கு வேறு கம்ப்யூட்டர் பாருங்கள். இதில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடம் ஒதுக்குவது

டி டிரைவில் ஒரு ஃபோல்டர். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் சில எமுலேட்டர்கள் கோப்பைத் திறக்காமல் மல்லுக்கட்டும். சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் அனுமதி கேட்கும்; சேவ் ஆகாமல் போகும். டெஸ்க்டாப்பிலும் வேண்டாம். அது பல கம்ப்யூட்டர்களில் தானாக ஒன்டிரைவுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் விண்டோஸில் கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி செய்துகொள்ளுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ என்ற பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் போதும். இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் கோப்பின் உண்மையான பெயர் என்ன என்று தெரியாமல் முழிப்பார்கள்.

முதலில் மாஸ்டர்

ரெட்ரோஆர்ச்சை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். இன்ஸ்டாலர் வேண்டாம்; விரித்தால் அப்படியே ஓடும் சுருக்கிய கோப்பும் அங்கேயே கிடைக்கும், அதை எடுங்கள். ஸ்டீமில் கிடைப்பதும் வேண்டாம். அதில் குறைவான கோர்கள்தான் கிடைக்கும்.

கோர் என்றால் என்ன? ரெட்ரோஆர்ச் என்பது ஒரு மாஸ்டர் இல்லை, அது ஒரு சமையல்கட்டு. உள்ளே ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு கோர், அதாவது ஒரு மாஸ்டர், நிற்கும். ரெட்ரோஆர்ச்சை இறக்கியதும் சமையல்கட்டு காலியாக இருக்கும். ஆள் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ரெட்ரோஆர்ச்சைத் திறந்து மெயின் மெனுவில் ஆன்லைன் அப்டேட்டருக்குப் போங்கள். அப்டேட் கோர் இன்ஃபோ ஃபைல்ஸ், அப்டேட் கன்ட்ரோலர் புரொஃபைல்ஸ் இரண்டையும் முதலில் ஒருமுறை அழுத்திவிடுங்கள். பிறகு கோர் டவுன்லோடர். பட்டியல் நீளமாக இருக்கும், மிரள வேண்டாம். கம்பெனி பெயர், கன்சோல் பெயர், அடைப்புக்குள் கோரின் பெயர் என்று வரும். என்இஎஸ்ஸுக்கு மெசன், எஃப்சிஇயூஎம்எம் இரண்டையும் இறக்குங்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கு எஸ்நெஸ்9எக்ஸ், மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ. இவற்றையெல்லாம் நாளைக்குக்கூட இறக்கலாம். இன்றைக்கு என்இஎஸ் மட்டும்.

இப்போது ஒரு கேம் வேண்டும். எந்தத் தளத்திலிருந்து ரோம் எடுப்பது என்று கேட்காதீர்கள். பழைய கேம்களுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சில வரம்புகளோடு இடம் தருகிறது. "எங்கிட்டதான் அந்த 9999999 இன் 1 கேசட் இருக்கே" என்று கிளம்பாதீர்கள். அந்தக் கேசட்டே திருட்டுப் பிரதி.

சோதித்துப் பார்க்க அதெல்லாம் தேவையும் இல்லை. ஆன்லைன் அப்டேட்டரிலேயே கன்டென்ட் டவுன்லோடர் என்று ஒன்று இருக்கிறது. இலவசமாகப் பகிர அனுமதி உள்ள கேம்கள் அதில் கன்சோல் வாரியாகக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்குவதென்றால் 2019-ல் வந்த மைக்ரோ மேஜஸ் நல்ல கேம். அசல் என்இஎஸ்ஸில் ஓடும்படி அதையும் 40 கேபிக்குள் அடக்கியிருக்கிறார்கள். வாங்கினால் ரோம் கோப்பும் சேர்ந்து வரும்.

லோட் கன்டென்ட் வழியாக அந்தக் கோப்பைத் திறந்து, மெசன் கோரைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்து, சத்தம் வந்து, கீபோர்டில் அம்பு விசையை அழுத்தினால் ஆள் நகர்கிறானா? சரி, மாஸ்டர் தயார். எஃப்1 அழுத்தினால் மெனு வரும், எஸ்கேப்பை இரண்டு தடவை அழுத்தினால் வெளியே வரும்.

இங்கே ஓடாத கேம் ஃபிரண்ட் எண்டிலும் ஓடாது. அதனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இனி சப்ளையர்

நான் இஎஸ்-டிஇ-யைச் சொல்வதற்குக் காரணம், கம்ப்யூட்டருக்கு அது இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, முழுக்க கன்ட்ரோலரிலேயே நடத்தலாம். ஆண்ட்ராய்டுக்கு மட்டும் காசு. பெயரை ஒத்த வேறு தளங்களும் தேடலில் வரும். es-de.org என்ற முகவரியைப் பார்த்து இறக்குங்கள். விண்டோஸுக்கு இன்ஸ்டாலரும் உண்டு, போர்ட்டபிள் என்ற சுருக்கிய கோப்பும் உண்டு. போர்ட்டபிளை எடுங்கள். எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் இருப்பதால் நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவது சுலபம்.

விரித்தால் உள்ளே எமுலேட்டர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ரெட்ரோஆர்ச்சின் ஃபோல்டரை அப்படியே வெட்டி அதற்குள் போடுங்கள். பெயரை மாற்றக் கூடாது. விரித்தபோது ரெட்ரோஆர்ச், கோடு, வின்64 என்று எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும். இஎஸ்-டிஇ அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறது. மச்சான் ஒருவழியாக ரெட்ரோஆர்ச்சை இறக்கிய பிறகு அந்த ஃபோல்டருக்குத் தன் மகள் பெயரை வைத்துவிட்டான். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு அரை மணி நேரம் போனது.

இஎஸ்-டிஇ-யைத் திறங்கள். கேம் கோப்பு ஒன்றையும் காணோம் என்று சொல்லி, ஃபோல்டர்களை உருவாக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். ரோம்ஸ் ஃபோல்டருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபோல்டர்கள் வந்து நிற்கும். இந்தப் பெயர்கள்தான் இலக்கணம். என்இஎஸ் கேம் என்இஎஸ் ஃபோல்டரில், சூப்பர் நின்டெண்டோ கேம் எஸ்என்இஎஸ் ஃபோல்டரில். முதல் பிளேஸ்டேஷனுக்குப் பலர் பிஎஸ்1 என்று தேடி ஏமாறுவார்கள். அதன் ஃபோல்டர் பெயர் பிஎஸ்எக்ஸ். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் சிஸ்டம்இன்ஃபோ என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எந்தப் பின்னொட்டு உள்ள கோப்புகளை அது எடுத்துக்கொள்ளும், எந்த எமுலேட்டரைக் கூப்பிடும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துத்தான் நான் அதைத் திறந்தே பார்த்தேன். நீங்கள் இன்றைக்கே பாருங்கள்.

ரெட்ரோஆர்ச்சில் ஓட்டிப் பார்த்த அதே கேமை என்இஎஸ் ஃபோல்டரில் போட்டு, இஎஸ்-டிஇ-யை மூடித் திறங்கள். என்இஎஸ் என்ற கன்சோல் முகப்பில் வந்துவிடும். கேம் இல்லாத கன்சோலை அது காட்டாது, ஆகவே மீதி நூறு எங்கே என்று தேட வேண்டாம். கேமைத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். இஎஸ்-டிஇ என்இஎஸ்ஸுக்கு இயல்பாகக் கூப்பிடும் கோர் மெசன். அதை ஏற்கெனவே இறக்கிவிட்டதால் கேம் திறந்துவிடும்.

வேறு கோர் வேண்டுமென்றால் எஸ்கேப் அழுத்தி மெயின் மெனு, அதில் அதர் செட்டிங்ஸ், அதற்குள் ஆல்டர்நேட்டிவ் எமுலேட்டர்ஸ். அங்கே கன்சோல் வாரியாக மாற்றலாம். ஒரு கேமுக்கு மட்டும் மாற்ற, அந்தக் கேமின் மெட்டாடேட்டா திருத்தும் இடத்திலும் வழி உண்டு.

லான்ச்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபோல்டர் பெயரைப் பார்த்து அது கண்டுபிடிக்காது, நீங்கள்தான் அறிமுகம் செய்ய வேண்டும். டூல்ஸ், மேனேஜ், எமுலேட்டர்ஸ் என்று போய் ரெட்ரோஆர்ச் இருக்கும் இடத்தைக் காட்டி, அசோசியேட்டட் பிளாட்ஃபார்ம்ஸ் என்ற பகுதியில் எந்தக் கன்சோலுக்கு எந்தக் கோர் என்று பொருத்த வேண்டும். ஆள் வேறு, கடை அதேதான்.

கன்ட்ரோலர்

மீனாட்சி பஜாரில் வாங்கிய யுஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றை அக்கா மகன் கொண்டுவந்து சொருகினான். இஎஸ்-டிஇ-யில் அழகாக மேலும் கீழும் போகிறது. கேமுக்குள் போனால் அசையவில்லை. "மாமா, இது ஓட்டை" என்று தூக்கிப் போடப் போனான். ஓட்டை இல்லை. இஎஸ்-டிஇ-க்கும் ரெட்ரோஆர்ச்சுக்கும் கன்ட்ரோலர் கணக்கு தனித்தனி. ஒன்றில் பழக்கியது மற்றதுக்குத் தெரியாது.

ரெட்ரோஆர்ச்சில் செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ் என்று போய், செட் ஆல் கன்ட்ரோல்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு பட்டனாகக் கேட்கும். முடித்ததும் கீழேயே சேவ் கன்ட்ரோலர் புரொஃபைல் இருக்கும், மறக்காமல் அழுத்துங்கள்.

அதே இன்புட் பகுதியில் ஹாட்கீஸுக்குள் போய், குவிட் என்பதற்கான கன்ட்ரோலர் காம்போவை செலக்ட்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கேமிலிருந்தும் வெளியே வர யாராவது எழுந்து கீபோர்டுக்கு ஓட வேண்டும். எல்லா பட்டனும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க கான்ட்ரா என்ற கேமின் பழைய மந்திரத்தைவிட நல்ல வழி கிடையாது: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். முப்பது உயிர் வந்தால் கன்ட்ரோலர் பாஸ்.

"இது நம்ம பாட்டு இல்லடா"

எல்லாம் முடித்து மரியோவைப் போட்டேன். அக்கா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பத்து விநாடி கேட்டாள். "டேய், இது நம்ம பாட்டு இல்லடா. என்னமோ ரயிலுக்குப் போற மாதிரி அவசரமாப் பாடுது."

முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. அசல் கேம்கள் ஜப்பான், அமெரிக்க டிவிகளுக்காக விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்து நம் வீட்டு டிவி பிஏஎல் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 50. இந்த மாதிரி டிவிகளுக்காகச் செய்த நகல் பெட்டிகள் அதே கேமை 50-ல் ஓட்டின. அதாவது ஆறில் ஒரு பங்கு மெதுவாக. பாட்டின் சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் இழுக்கும். அசல் எது என்று கேட்டால் 60-தான் அசல். ஆனால் அக்காவுக்கு அவள் கேட்டதுதானே அசல்?

இந்த நகல் பெட்டிகளின் கணக்குக்கு எமுலேட்டர்களில் டெண்டி என்று பெயர். ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. எஃப்சிஇயூஎம்எம் கோரில் கேம் ஓடும்போது எஃப்1 அழுத்தி, கோர் ஆப்ஷன்ஸுக்குள் ரீஜன் என்பதை டெண்டி என்று மாற்றுங்கள். 60 கணக்கில் ஓடும் மானிட்டரில் படம் நகரும்போது லேசாகத் துள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அக்காவுக்கு 50, அவள் மகனுக்கு 60. ஆகவே டிவி கேம் என்ற பெயரில் தனியாக ஒரு கன்சோலையே இஎஸ்-டிஇ-யில் சேர்த்தேன். கொஞ்சம் கைவேலை, ஆனால் இது கைவந்துவிட்டால் எந்த எமுலேட்டரையும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

இஎஸ்-டிஇ ஃபோல்டருக்குள் ரிசோர்சஸ், அதற்குள் சிஸ்டம்ஸ், அதற்குள் விண்டோஸ் என்று போனால் இஎஸ் சிஸ்டம்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் காணாமல் போகும். நோட்பேடில் திறந்து பார்க்க மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு கன்சோலும் சிஸ்டம் என்று தொடங்கி சிஸ்டம் என்று முடியும் ஒரு துண்டு. என்இஎஸ்ஸின் துண்டை மட்டும் நகலெடுங்கள்.

போர்ட்டபிளில் உள்ளேயே இன்னொரு இஎஸ்-டிஇ ஃபோல்டர் இருக்கும். அதில் கஸ்டம் சிஸ்டம்ஸ் என்ற ஃபோல்டருக்குள், அதே இஎஸ் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் புதுக் கோப்பு ஒன்றை வைத்து அந்தத் துண்டை ஒட்டுங்கள். அசல் கோப்பில் எல்லாத் துண்டுகளையும் சுற்றி சிஸ்டம்லிஸ்ட் என்ற திறப்பும் மூடலும் இருக்கும். உங்கள் கோப்பிலும் அது இருக்க வேண்டும். பிறகு திருத்தம். நேம் என்ற இடத்தில் வேறு எதோடும் மோதாத ஒரு சின்னப் பெயர், நான் டிவிகேம் என்று ஆங்கிலத்தில் வைத்தேன். ஃபுல்நேம் என்பது திரையில் தெரியும் பெயர். பாத் என்பதில் கடைசியில் இருக்கும் என்இஎஸ்ஸை அழித்துவிட்டு டிவிகேம். எக்ஸ்டென்ஷன் வரியைத் தொட வேண்டாம். கமாண்ட் என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும்: மெசனுக்கு ஒன்று, எஃப்சிஇயூஎம்எம்முக்கு ஒன்று என்று. எஃப்சிஇயூஎம்எம் வரியை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். பிளாட்ஃபார்ம், தீம் இரண்டும் என்இஎஸ் என்றே இருக்கட்டும். அப்போதுதான் படமும் விவரமும் சரியாக வரும்.

அந்த கமாண்ட் வரியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முதலில் எமுலேட்டர் எங்கே என்பது, பிறகு கோடு எல் என்ற குறி, பிறகு கோரின் கோப்பு, கடைசியில் ரோம். சப்ளையர் உள்ளே கூவும் ஆர்டர் அவ்வளவுதான்: இந்தக் கல்லில், இந்த ஆள், இந்த மாவை.

ரோம்ஸுக்குள் டிவிகேம் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, கேமை அதிலும் ஒரு பிரதி போடுங்கள். திறந்து ரீஜனை டெண்டியாக்கிவிட்டு, அதே கோர் ஆப்ஷன்ஸில் மேனேஜ் கோர் ஆப்ஷன்ஸ், சேவ் கன்டென்ட் டைரக்டரி ஆப்ஷன்ஸ் கொடுங்கள். இனி அந்த ஃபோல்டரில் இருக்கும் கேம்கள் மட்டும் 50-ல் ஓடும், என்இஎஸ் ஃபோல்டர் தன் வழியில் போகும்.

பிளேஸ்டேஷன்: இங்கேதான் கருப்பு ஸ்கிரீன்

கேசட் கன்சோல்களில் கோரும் ரோமும் போதும். 1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு பயாஸ் என்ற மூன்றாவது பொருளும் வேண்டும். கன்சோலைப் போட்டதும் முதலில் எழுந்து நிற்கும் அதன் உள் புரோகிராம் அது. சோனியின் சொத்து, உங்களிடம் இருக்கும் கன்சோலிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் நேர்வழி. கோப்பு 512 கேபி இருக்கும். பெயர் எஸ்சிபிஎச் என்ற நான்கு எழுத்தோடு, ஜப்பானுக்கு 5500, அமெரிக்காவுக்கு 5501, ஐரோப்பாவுக்கு 5502. பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடிக்காது. வைக்க வேண்டிய இடம் ரோம்ஸ் இல்லை, ரெட்ரோஆர்ச்சுக்குள் இருக்கும் சிஸ்டம் என்ற ஃபோல்டர்.

சரியாக வைத்தோமா என்று எப்படித் தெரியும்? ரெட்ரோஆர்ச்சில் பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரை லோட் செய்து, இன்ஃபர்மேஷன், கோர் இன்ஃபர்மேஷன் போங்கள். ஒவ்வொரு பயாஸுக்கும் எதிரே இருக்கிறது, இல்லை என்று எழுதியிருக்கும். பழைய கம்ப்யூட்டர் திணறினால் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற கோர் இலகுவானது. அது பயாஸ் இல்லாமலும் சமாளிக்கும், ஆனால் எல்லாக் கேமும் ஓடாது.

சிடி கேம்களில் இன்னொரு தொல்லை. ஒரு கேமுக்குக் கியூ (cue), பின் (bin) என்று குறைந்தது இரண்டு கோப்புகள் வரும். பின் கோப்பில் சரக்கு, கியூ கோப்பில் அதன் முகவரி. அழகுக்காக பின் கோப்பின் பெயரை மாற்றினால் முகவரி தப்பாகிவிடும். இரண்டையும் ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் ஒரே கேம் இரண்டு முறையும் வரலாம். இரண்டுக்கும் மருந்து, மேம் (MAME) என்ற ஆர்கேட் எமுலேட்டரோடு வரும் சிஎச்டிமேன் என்ற கருவியால் சிஎச்டி என்ற ஒரே கோப்பாக மாற்றிக்கொள்வது. இடமும் மிச்சம். கேசட் கேம்களைப் போல இதை ஜிப் கோப்பாகவே விட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஓடாது.

பிஎஸ்பிக்கு பயாஸ் தேவையில்லை. ரெட்ரோஆர்ச்சில் அதற்கும் கோர் உண்டு. ஆனால் பிபிஎஸ்எஸ்பிபி-யைத் தனி எமுலேட்டராகப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும், செட்டிங்ஸைத் தொட்டுத் திருத்த வசதி. அதன் ஃபோல்டரை எமுலேட்டர்ஸுக்குள் போட்டு, முன்பு சொன்ன ஆல்டர்நேட்டிவ் எமுலேட்டர்ஸில் பிஎஸ்பிக்கு நேரே ஸ்டேண்ட்அலோன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

படங்கள், கரண்ட், இன்ன பிற

கேம் அட்டைப் படங்களுக்கு இஎஸ்-டிஇ மெனுவில் ஸ்கிரேப்பர் இருக்கிறது. ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி அந்தப் பெயரை இங்கே கொடுத்துவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் வீடியோ இறக்குவதை அணைத்துவிட்டுத் தொடங்கினால் டேட்டா பிழைக்கும்.

கரண்டுக்கு வருவோம். பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் பேப்பரில் வரும். மற்ற நாட்களில் சொல்லாமல்தான் போகும். கேமுக்குள் நீங்கள் சேவ் செய்தாலும் ரெட்ரோஆர்ச் அதை இயல்பாக டிஸ்க்கில் எழுதுவது, கேமை மூடும்போதுதான். இடையில் கரண்ட் போனால் சேவும் போச்சு. அக்கா மகன் இரண்டு மணி நேரம் ஆடிய ஆட்டம் அப்படிப் போய், அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. செட்டிங்ஸ், சேவிங், அதில் சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வெல் என்பதைப் பத்து விநாடி என்று வைத்துவிடுங்கள். அதேபோல் ரெட்ரோஆர்ச் தன் செட்டிங்ஸையும் மூடும்போதுதான் எழுதும். மாற்றியதும் மெயின் மெனுவில் கான்ஃபிகரேஷன் ஃபைலுக்குள் சேவ் கரன்ட் கான்ஃபிகரேஷன் கொடுத்துவிடுவது நல்லது.

ஏதாவது கெட்டால் எங்கே பார்ப்பது? எமுலேட்டரைக் காணோம் என்றால் ஃபோல்டரின் இடமோ பெயரோ தப்பு. கோர் கோப்பைக் காணோம் என்று பெயரோடு சொன்னால் அந்தக் கோரை இறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கருப்பாகித் திரும்பி வந்தால் சப்ளையர்மேல் தப்பில்லை. கோப்போ பயாஸோ சரியில்லை, ரெட்ரோஆர்ச்சை நேரடியாகத் திறந்து அங்கே பாருங்கள். கேம் பட்டியலிலேயே வரவில்லை என்றால் பின்னொட்டைப் பாருங்கள், சிஸ்டம்இன்ஃபோவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று.

மச்சான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவோடு செல்லூருக்கே வந்துவிட்டான். போர்ட்டபிள் ஃபோல்டரை அப்படியே ஏற்றிக் கொடுத்தேன், ரோம்ஸையும் பயாஸ் இருந்த சிஸ்டம் ஃபோல்டரையும் காலியாக்கிவிட்டு. அவன் வீட்டில் சொருகியதும் ஒரு செட்டிங்கும் தொடாமல் திறந்தது. ராத்திரி மறுபடி போன்.

"மாப்ள, இந்த டிவி கேம்ங்கிறதுல போட்டாத்தான் பாட்டு நல்லாருக்கு. அது ஏன்?"